தற்காலிகம் என்னும் சொல்: அவசரகாலச் சட்டமும் தொண்டைமானாற்றின் மொழியும்

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் என்பதாகும். பேச்சிலும் பத்திரிகை வழக்கிலும் அடைப்புக்குறிக்குள் நிற்கும் இரு சொற்களும் கழன்றுவிடப் 'பயங்கரவாதத் தடைச் சட்டம்' என்பதே எஞ்சியது. நாவின் சோம்பல் மாத்திரம் இதற்குக் காரணமன்று. மூன்றாண்டுகளுக்கு மட்டுமென 1979 ஜூலையில் நிறைவேற்றப்பட்ட அச்சட்டத்தின் ஆயுளெல்லையை விதித்த பிரிவு 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. அன்று தொட்டுத் தற்காலிகம் பெயரில் மட்டும் நின்றது. சட்டவறிஞர் இச்சட்டம் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அரசியலாளர் அதனினும் நிறையப் பேசியுள்ளனர். ஆயின் அவசரகாலச் சட்டங்கள் மக்களின் மொழியுள் இறங்கி அங்கே குடியேறிய வகை, தமிழ் பயில்வோர் ஆராய வேண்டிய ஒன்றாயினும், உரிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. சட்டம் நீக்கப்படலாம், அது நாவில் வைத்துச்சென்ற சொல் எளிதில் நீங்குவதில்லை. ஒரு சட்டத்தின் நீண்டகால விளைவைக் காண விரும்புவோர் வர்த்தமானியை மட்டுமன்றி வீட்டு முற்றத்துப் பேச்சையும் வாசித்தல் வேண்டும்.

இராணுவச் சட்டம் என்றதும் ஆசியாவில் முதலில் நினைவுக்கு வருவது பிலிப்பைன்ஸ் நாடே. சனாதிபதி பேர்டினண்ட் மாக்கோஸ் 1972 செப்டெம்பர் 21 ஆம் திகதியிட்ட 1081 ஆம் இலக்கப் பிரகடனத்தினால் அந்நாட்டை இராணுவச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தார். இரு நாட்களின் பின்னரே அச்செய்தி மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குள் பத்திரிகை நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர். 1981 ஜனவரி 17 இல் அது முறைப்படி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னரும் ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மாக்கோஸ் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1986 பெப்ரவரியில் மணிலா வீதிகளில் மக்கள் திரண்ட பின்னரே அவ்வதிகாரம் முடிவுற்றது. இவ்வரலாற்றில் மொழி மாணவர் கவனிக்கத்தக்க சிறு செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அழிவிலிருந்து மீட்டெடுத்தலைக் குறிக்கும் 'சல்வேஜ்' என்னும் சொல், அவ்வாட்சிக் காலத்துப் பிலிப்பைன்ஸ் வழக்கில், ஒருவரைப் பிடித்துச் சென்று விசாரணையின்றிக் கொன்று உடலை எறிந்துவிடுதலைக் குறிக்கலாயிற்று. மாக்கோஸ் வீழ்ந்தார், அச்சொல் வீழவில்லை. இன்றும் அந்நாட்டுப் பத்திரிகைகளில் அது அப்பொருளிலேயே வழங்குகின்றது.

பிலிப்பைன்ஸுக்கும் இலங்கைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே தொடங்கிய நாள், முடிந்த நாள், பிரகடனத்தின் இலக்கம், ஒப்பமிட்டவரின் பெயர் என்பன யாவும் உள. அது இராணுவச் சட்டம் என்ற தன் பெயருடனேயே வந்தது. 1987 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு அப்பெயரைச் சுட்டியே, இராணுவச் சட்டம் அறுபது நாட்களுக்கு மேற்படலாகாது என்றும், பாராளுமன்றமும் உயர்நீதிமன்றமும் அதனை மீளாய்வு செய்யலாம் என்றும் வரம்பு கட்டியது. 2013 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்வழி, அவ்வாட்சியிற் பாதிக்கப்பட்டோராக 11,103 பேர் அரசாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பெயருள்ள தீமையை எண்ணலாம். அதற்கு வரம்பு கட்டலாம். (2022 இல் அதே மாக்கோஸின் மகன் சனாதிபதியாகத் தெரிவானமை வரம்பு கட்டுவதும் மறவாமையும் வேறுவேறு என்பதற்குச் சான்று.) இலங்கையில் சுதந்திரத்தின் பின் இராணுவச் சட்டம் அப்பெயரால் நாட்டை ஆண்டதில்லை. ஆண்டது அவசரகாலம். அது நீடித்த காலமோ பிலிப்பைன்ஸ் மக்கள் அனுபவித்த காலத்தினும் பெரிது.

அப்பெயரால் இராணுவச் சட்டம் இந்நாட்டில் வந்தது ஆங்கிலேயர் காலத்திலாகும். 1915 இல் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது, தேசாதிபதி சால்மேர்ஸ் ஜூன் மாதத் தொடக்கத்தில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் சில நாட்களில் ஓய்ந்தது. சட்டம் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றது. இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன; ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டநிரூபண சபையில் இதனை எதிர்த்து முழங்கியவர் மானிப்பாய் வழிவந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் அக்காலக் கொடுமைகளைத் தொகுத்து 1916 இல் இலண்டனில் ஆங்கில நூலொன்றையும் வெளியிட்டார். கலவரத்தாற் கடை இழந்த முஸ்லிம்களின் துயரை அவர் போதியளவு கண்டாரல்லர் என்னும் குறைபாடு நியாயமானதே. எனினும் அவர் செய்தவற்றுள் ஒன்று பின்வந்த தமிழ் அரசியலாளரிடம் அரிதாயிற்று: தம் இனத்தவர் அல்லாதார்மேல் விழுந்த சட்டத்தை அவர் தம்மேல் விழுந்ததாக வாசித்தார். அன்றைய அரசு படையினரின் செயல்களுக்கு வழக்குத் தொடர முடியாவகையில் காப்பளிக்கும் ஏற்பாடொன்றையும் செய்தது. அம்முன்மாதிரி வீண்போகவில்லை. 1977 ஓகஸ்ட் மாதத்து நிகழ்ச்சிகளுக்காக 1982 இல் இயற்றப்பட்ட பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சட்டம் அதன் பேரப்பிள்ளை எனலாம்.

1947 இல், சுதந்திரத்துக்குச் சில மாதங்களே இருந்த வேளையில், ஆங்கில ஆட்சி விட்டுச்சென்ற முதுசங்களுள் ஒன்று அவ்வாண்டின் 25 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் தமிழ்ப் பெயர் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பெயரை ஊன்றி நோக்குக. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுப்பர். செத்தாரைத் துஞ்சினார் என்றல் மங்கலம். பொதுமக்களை விசாரணையின்றி மறியலில் வைப்பதற்கு அதிகாரமளிக்கும் சட்டத்தைப் பொதுமக்கள் பாதுகாப்பு என்றலும் அவ்வகையினதே. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலின்போதும், 1958 கலவரத்தின்போதும், 1961 இல் வடகிழக்கின் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தபோதும் இச்சட்டமே எழுப்பப்பட்டது. 1971 மார்ச்சில் பிரகடனமாகி, ஏப்ரற் கிளர்ச்சியை அடக்கிய பின்னரும் நின்ற அவசரகாலம் 1977 வரை நீண்டது. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் அதன் கீழ்ச் சிறைப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். தெற்கில் நிகழ்ந்த அவ்வொத்திகையைத் தமிழர் அரசியல் தனக்குரிய பாடமாகக் கற்றதெனக் கூறுவதற்கில்லை.

1979 ஜூலை 11 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்கவை வடக்குக்கு அனுப்பி, அவ்வாண்டு டிசெம்பர் 31 ஆம் திகதிக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பணித்தார். அம்மாதமே பண்ணைப் பாலத்தருகே, கைது செய்யப்பட்டிருந்த இளைஞர் இருவரின் உடல்கள் கிடந்தன. பதினெட்டு மாதம் வரை தடுத்து வைத்தலும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தினர் அல்லது அவர்க்கு மேற்பட்டோர் பெறும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்றலும் அச்சட்டத்தின் இரு தூண்கள். காலக்கெடு முடிந்தது, ஆணை முடியவில்லை. 1983 மே மாதத்திலிருந்து 2011 ஓகஸ்ட் வரை, இடையிடையே சில இடைவெளிகள் நீங்கலாக, நாடு அவசரகாலத்தின் கீழேயே இருந்தது. 1983 இற் பிறந்த யாழ்ப்பாணப் பிள்ளை ஒன்று தன் இருபத்தெட்டாம் வயதிலேதான் அவசரகாலம் அற்ற நாட்டை உறுதியாகக் கண்டது. இருபத்தெட்டு ஆண்டு நீடிக்கும் ஒன்றினை 'அவசரம்' என்பதில் உள்ள நகைச்சுவையை அக்காலத்தில் எவரும் சுவைத்ததாகத் தெரியவில்லை.

இச்சட்டங்கள் ஊர்களில் இறங்கியவாற்றைக் காணத் தொண்டைமானாறு பொருத்தமானதோர் இடம். வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கும் நீரேரி வடகடலொடு கலக்கும் முகத்தில் அவ்வூர் உள்ளது. கலிங்கப் போரிற் சோழர் படையை நடத்திய கருணாகரத் தொண்டைமான் உப்பு வாணிகத்தின் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது ஐதிகம். ஆற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில். ஆகம விதிக்கு உட்படாது, பூசகர் வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்யும் மரபு அங்குண்டு. அன்னதானத்துக்குப் பேர்போன இடம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் புறப்படும் இடமும் அதுவே. கிழக்கே வல்வெட்டித்துறை, அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை சென்றது. வடபுலத்து உயர்தர விஞ்ஞான மாணவர்க்கோ இவ்வூர் வேறொரு வகையிற் பழக்கம்: தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்னும் பெயர் அவர்தம் பரீட்சை வினாத்தாளின் தலைப்பிலே நிற்பது. ஊரைக் காணாதோரும் பேரைக் கண்டு நடுங்குவர்.

கடலை நம்பிய ஊருக்கு இரவே பகல். வள்ளம் இறங்குவது பொழுது சாய்ந்த பின், கரையேறுவது விடியலில். 1984 இல் வடகடல் கண்காணிப்பு வலயமாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், லலித் அத்துலத்முதலி தேசிய பாதுகாப்பு அமைச்சராயிருந்தபோது, மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரையுள்ள கரையோரம் தடைசெய்யப்பட்ட வலயமாக அறிவிக்கப்பட்டது. வர்த்தமானியில் அது சில வரிகள். கரையில் அது அடுப்பெரியாத வீடுகள். கடற்றொழில் இரவில் நடப்பதென்பதும், ஊரடங்கு இரவில் விழுவதென்பதும் ஒன்றோடொன்று மோதியபோது அடங்கியது எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை.

'ஊரடங்கு' என்னும் அச்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'ஊரடங்கின பிறகு வா', 'ஊரடங்கிற நேரம்' என்பன நம் ஊர்களில் நெடுங்காலம் வழங்கிய தொடர்கள். விளக்கணைந்து, நாய்கள் ஓய்ந்து, ஊர் தானே உறக்கத்தில் ஆழ்வதை அவை குறித்தன. அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. துப்பாக்கி முனையில் நிகழும் பிறவினைக்கு அரசும் வானொலியும் பத்திரிகையும் சூட்டிய பெயர் ஊர் தன்விருப்பாற் செய்யும் தன்வினையின் பெயர். அடக்கியவர் தொடரில் இல்லை. அடங்கிய ஊர் மட்டுமே எழுவாயாக நிற்கின்றது.

இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாதவாறு மற்றைச் சொற்களும் அதே இலக்கணத்தில் அமைகின்றன. குண்டுக்கும் படைக்கும் அஞ்சி ஓட்டப்பட்டோர் 'இடம்பெயர்ந்தோர்'. பிடித்துச் செல்லப்பட்டு மீளாதோர் 'காணாமற்போனோர்'. போரின் ஈற்றில் படையினரிடம் கையளிக்கப்பட்டோர் 'சரணடைந்தோர்'. பெயர்ந்தார், போனார், அடைந்தார் என எல்லாம் தன்வினை. துன்பத்துக்கு உள்ளானவனே வினைமுதலாகிவிடுகின்றான். செய்தவனைத் தேடும் வாசகன் வாக்கியம் முழுவதும் தேடினும் காணான். ஆங்கிலத்துச் சட்டமொழி இக்காரியத்தைச் செயப்பாட்டு வினையால் நிறைவேற்றும். அங்கே 'யாரால்' என்று கேட்க ஓர் இடமாவது எஞ்சும். தமிழில் அவ்விடமும் இல்லை. அவசரகாலம் தமிழுக்குச் செய்த கேடுகளுள் இதுவே ஆழமானது எனக் கருதலாம். தடுப்புக்காவல் உடலை வைத்திருந்தது. இச்சொற்கள் குற்றத்தை ஒளித்து வைத்திருந்தன.

1983 ஜூனில் வெளியான 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி இதன் உச்சம். மரண விசாரணையின்றியே இறந்தோர் உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது படையினர்க்கு இடமளித்தது. நாகரிகமான மக்கள் இழவு வீட்டிற் பேசும்போது மங்கலமும் இடக்கரடக்கலும் கொண்டு சொல்லை மூடுவது இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை. இவ்விதியோ இறந்தவரையே மூடியது. இறந்தாரெனச் சொல்ல உடலும் இல்லை, இருக்கிறாரெனச் சொல்ல ஆளும் இல்லை என்ற நிலையில் ஒரு தாய் தன் மகனைப் பற்றி எந்தக் காலத்தில் வினைமுற்றை அமைப்பாள்? 'அவன் கெட்டிக்காரன்' என்பாளா, 'கெட்டிக்காரனாயிருந்தான்' என்பாளா? பல்கலைக்கழக இலக்கண வகுப்புகளில் எழாத வினா இது.

அரசின் சொற்களுக்கு எதிரே ஊர் தன் சொற்களை ஆக்கிக்கொண்டது. படையினர் 'தேடுதல் நடவடிக்கை' என்றதை ஊர் 'சுற்றிவளைப்பு' என்றது. இங்கே வளைப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பது சொல்லிலேயே தெரிகின்றது. முகமூடியிட்ட ஒருவன் முன்னே இளைஞரை நிரையாக நடத்தி, அவன் தலையசைத்தவரைப் பிடித்துச் செல்லும் வழக்கம் வந்தபோது, அவனுக்கு இட்ட பெயர் 'தலையாட்டி'. குழந்தையின் விளையாட்டுப் பொம்மைக்குரிய பெயர் கொலைக்கு வழிகாட்டுவோனுக்கு ஆயிற்று. அப்பெயரில் அச்சத்தோடு ஓர் இகழ்ச்சியும் உண்டு. அவனும் பிறரால் ஆட்டப்படும் பொம்மையே என்ற இரக்கமும் ஒருவேளை உண்டு. சென்றி, காம்ப், பாஸ், ஐசி முதலிய கடன்சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலே நின்றன. இவற்றுக்குத் தூய தமிழ்ச்சொல் காண்பதில் எவரும் ஆர்வங் காட்டாமை வியப்பன்று. அவை தம் வீட்டுப் பொருளல்ல என்பதை மக்கள் அவ்வாறு உணர்த்தினர் போலும். படலையைத் தாண்டும் மகனைப் பார்த்துத் தாய், 'தம்பி, ஐசி எடுத்தனியோ?' என்று கேட்பது அக்காலத்து வழியனுப்புதல். போய்வா என்ற மங்கலச் சொல்லின் இடத்தை அடையாள அட்டை பிடித்துக்கொண்டது.

1987 மே 26 ஆம் திகதி வடமராட்சி மீது தொடங்கிய படையெடுப்பில் அணிகள் புறப்பட்ட இடங்களுள் தொண்டைமானாற்று முகாமும் ஒன்று. அதற்கு அரசு இட்ட பெயர் 'ஒப்பரேஷன் லிபரேஷன்', அதாவது விடுதலை நடவடிக்கை. பெருந்தொகையான இளைஞர் பிடிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டுத் தென்னிலங்கையின் பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரே மண்ணில், ஒரே வேளையில், எதிரெதிரே நின்ற இரு படைகளும் 'விடுதலை' என்ற ஒரே சொல்லைத் தம் பெயரிற் சுமந்தன. அவ்வாண்டு ஜூலை 29 இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாகி, அமைதி காக்கும் பெயரோடு மூன்றாவது படையொன்றும் வந்து, அதுவும் ஒக்டோபரில் போரில் இறங்கியது. சொற்களின் நாணயம் இவ்வாறு தேய்ந்துபோன ஓராண்டைத் தமிழ் வரலாற்றிற் காண்பது அரிது.

இவ்விடத்தில் விமர்சனம் ஒரு கரையில் மட்டும் நின்றுவிடுமாயின் அது நேர்மையாகாது. அவசரகாலத்தின் இலக்கணத்தை அதனை எதிர்த்தோரும் கற்றுக்கொண்டனர். 'சமூக விரோதி' என்ற அட்டையோடு மின்கம்பத்திற் கட்டிச் சுடப்பட்டோருக்கு மரண விசாரணை இருக்கவில்லை. 'துரோகி' என்னும் சொல் தீர்ப்பாகவும் தண்டனையாகவும் ஒருங்கே நின்றது. 'களையெடுப்பு' என்பது உழவரின் நற்சொல். மனிதரைக் களையாக்கிய பின்னர் வயலில் அதனை முன்போல் உச்சரித்தல் கடினம். 1990 இன் பின் குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பெறவேண்டியிருந்த அனுமதியின் பெயரும் 'பாஸ்' என்பதே. அச்சொல்லைக்கூட அவர்கள் மாற்றவில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களுக்கு வெளியேற அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களும் பின்னர் பதிவேடுகளில் 'இடம்பெயர்ந்தோர்' என்றே எழுதப்பட்டனர். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 இன் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர் ஒரே இரவில் தென்மராட்சி, வடமராட்சி நோக்கி நடக்க நேர்ந்தது. முதலாவது நாளை இரண்டாவது நாளில் நினைத்துப் பார்த்தோர் இருந்திருக்கலாம். அக்கால எழுத்தில் அந்நினைவு வேண்டிய அளவு பதியவில்லை. பெயர்ந்தார் என்ற தன்வினை, பெயர்த்தவர் நம்மவராயிருந்தபோது நமக்கும் வசதியாகவே இருந்தது.

எழுத்தாளர் இந்நிலையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது தனி ஆய்வுக்குரியது. 1983 ஜூலைத் தொடக்கத்திலேயே 'சுதந்திரன்', 'சற்டர்டே றிவியூ' ஆகிய பத்திரிகைகள் அவசரகால விதிகளின் கீழ் மூடப்பட்டன. 'ஈழநாடு' பணிமனையோ 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களிலேயே எரியூட்டப்பட்டிருந்தது. பத்திரிகை வாய் அடைபட்ட இக்காலத்தே கவிதை செய்தித்தாளின் வேலையையும் சேர்த்துச் செய்தது. எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யும், 1985 இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதியும் இதற்குச் சான்று. இவற்றின் பெருமை பலரும் பேசியதே. எனினும் அக்கவிதைகள் பல, சுட்டெரித்த நிகழ்ச்சியை உரத்த குரலிற் பதிந்த அளவுக்கு, நாளாந்தம் அரிக்கும் நெருக்கடியைப் பதியவில்லை எனத் தோன்றுகின்றது. தீ கவிதைக்கு எளிது. வரிசையில் நிற்றல் கடினம். அக்கடினமான பணி பெரும்பாலும் சிறுகதைக்கு விடப்பட்டது. தொண்டைமானாற்றைச் சேர்ந்தவரும் பேராதனையிற் பயின்றவருமான குந்தவை இவ்வகையில் முதன்மையாக எண்ணத்தக்கவர். 1963 இல் ஆனந்த விகடனில் 'சிறுகை நீட்டி' வாயிலாக அறிமுகமாகிய அவர், நீண்ட காலத்தில் மிகச் சில கதைகளையே எழுதினார். அவை 'யோகம் இருக்கிறது' என்னும் தொகுதியாகப் பின்னர் வெளிவந்தன. 1995 இன் பெரும் வெளியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட அவரது கதையின் தலைப்பு 'பெயர்வு'. அரசும் இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஆளாளுக்கு வழங்கிய 'இடம்பெயர்ந்தோர்' என்ற நீண்ட சொல்லிலிருந்து ஆளையும் இடத்தையும் நீக்கி, வினையை மட்டும் நிறுத்தியது அத்தலைப்பு. இடமே இல்லாதபோது இடம்பெயர்தல் ஏது?

சொல்லைத் திருத்திய மிகப் பெரிய செயல் எழுத்தாளரிடமிருந்தும் வரவில்லை, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிலிருந்தும் வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வடகிழக்கின் வீதியோரங்களிற் கொட்டகையிட்டு அமர்ந்த தாய்மார், தம் மக்களைக் 'காணாமற்போனோர்' என்று எழுதப்படுவதை ஏற்க மறுத்தனர். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே அவர்தம் பதாகைகளில் நின்றது. போனோர் என்னும் தன்வினை ஆக்கப்பட்டோர் என்னும் செயப்பாட்டு வினையாயிற்று. 'யாரால்' என்ற வினாவுக்கு வாக்கியத்தில் இடம் உண்டாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அரசு நிறுவிய அலுவலகத்தின் பெயரிலோ இன்றும் போனோரே உளர். சில எழுத்து வேறுபாட்டுக்காக வெயிலில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தனர் என்று கூறின் மிகையாகலாம்; ஆனால் அவர்கள் கேட்ட நீதி முழுவதும் அவ்வேறுபாட்டினுள் அடங்கும் என்பது மிகையன்று. இலக்கணம் கற்றோர் அக்கொட்டகைகளில் கற்கவேண்டியது உண்டு.

நிலத்தின் கதையும் சொல்லின் கதையை ஒத்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறிய பின், பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்து உயர்பாதுகாப்பு வலயம் பரந்தது. அதன் கிழக்குப் புறம் தொண்டைமானாற்றை அண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து உயர்பாதுகாப்பு வலயங்கள் எந்த வர்த்தமானி அறிவித்தலையும் கொண்டிராமலே நிலைபெற்றன எனச் சட்டத்துறையினர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவசரகாலம் முதிர்ந்த நிலையில் சட்டமும் மிகையாயிற்று. 'பாதுகாப்பு' என்ற சொல் மட்டுமே வேலியாக நின்றது. 2011 இல் அவசரகாலம் நீங்கிய பின்னரும், துண்டுதுண்டாகக் காணிகள் விடப்பட்ட பின்னரும், வேலி முற்றாகப் போகவில்லை. 2025 ஏப்ரலில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடந்த பலாலி வீதியின் வசாவிளான் பகுதி திறக்கப்பட்டபோது அங்கே அறிவித்தற் பலகை நின்றது. காலை தொட்டு மாலை வரை மட்டுமே பயணம், நடந்து செல்லலாகாது, இடைவழியில் வாகனத்தை நிறுத்தலாகாது, படம் பிடித்தலாகாது. சொந்த ஊரின் வீதியிலே நிற்றல் குற்றமாகவும் ஓடுதல் கடமையாகவும் ஆன விந்தையை எந்த அவசரகாலப் பிரகடனமும் அப்போது தாங்கி நிற்கவில்லை. அது இயல்பு வழக்காகிவிட்டிருந்தது.

அவசரகாலமும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும், 2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 இல் எரிபொருளும் உணவுமின்றி மக்கள் கொழும்பு வீதிகளில் இறங்கியபோதும் 1947 இன் அதே கட்டளைச் சட்டம் மீண்டும் எடுக்கப்பட்டது. காலிமுகத்திடலில் அமர்ந்த தென்னிலங்கை இளைஞர் சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டபோது, வடக்கில் அதனை இளம் வயதிலிருந்தே அறிந்தோர்க்கு அதில் வியப்பு இருக்கவில்லை. 1971 இல் விட்ட பாடம் அரை நூற்றாண்டு சென்று வேறு திசையிலிருந்து வந்தது.

உலக நாடுகளின் அழுத்தத்தின் கீழ் அச்சட்டம் 2022 இல் திருத்தப்பட்டு, தடுப்புக்காவலின் உச்சக் காலம் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கமாகிய அத்திருத்தச் சட்டத்தின் பெயரில் இப்போது இரண்டு அடைப்புக்குறிகள் உள. ஒன்றினுள்ளே 'திருத்தம்' என்றிருக்கின்றது. மற்றதில், நாற்பத்துமூன்று ஆண்டுக்குப் பின்னும், 'தற்காலிக ஏற்பாடுகள்' என்றே இருக்கின்றது.